நிறுத்தி வைத்தவை

"போன் பண்ணினேன். பேரெல்லாம் கேட்டு வச்சுக்கல. ஒரு பொண்ணுதான் எடுத்தா. நல்லாத்தான் பேசினா."

விசாரணை ஆணையத்தின் முன் இரண்டாம் நாள் நொலீன் இப்படிச் சொன்னபோது நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நல்லாப் பேசின அந்தப் பொண்ணு நான்தான். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. என்னை யாராவது பொண்ணு என்று சொல்லி இருபது வருடமாவது இருக்கும். அந்த நேரத்தில்கூட அது காதுக்கு இதமாக இருந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன், என் லட்சணம் உங்களுக்கு முதலிலேயே தெரிந்துவிடட்டும்.

சுகாதார இலாகாவின் வழக்கறிஞர் பியர்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் எதிரே இருப்பவர் கதி அதோகதி என்று எங்கள் ஆபீசில் சொல்வோம்.

"நொலீன், நீங்க போன் பண்ணினதுக்குப் பதிவு இருக்கு. ஆனா கோளாறுன்னு பதிவாகல. 'பயனாளருக்கு விளக்கம் தரப்பட்டது, முடிந்தது'ன்னு இருக்கு. விளக்கம் கொடுத்தாங்க இல்லையா?"

"விளக்கமா? பாத்துட்டுத் திரும்பக் கூப்பிடறேன்னா. அவ்வளவுதான்."

"கூப்பிட்டாங்களா?"

"இல்ல. பாவம், அவளுக்கு என்ன வேலையோ."

பியர்ஸ் சுவரில் ஒரு படத்தைக் காட்டினார். நொலீனின் கம்ப்யூட்டர் திரை. இடது ஓரத்தில் 'நிறுத்தி வைத்தவை' என்று ஒரு பட்டியல். பிறகு புதுக் கம்ப்யூட்டர் முறையின் கையேட்டில் நாற்பத்து மூன்றாம் பக்கத்தைக் காட்டி அவரையே படிக்கச் சொன்னார். நொலீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல் படித்தார்: "ஒவ்வொரு மருத்துவமனையின் வரவேற்பு எழுத்தரும் தினமும் காலையில் 'நிறுத்தி வைத்தவை' பட்டியலைப் பார்த்துத் தமக்குரிய கடிதங்களை எடுத்துக்கொள்வார்."

"அஞ்சு மாசம் இதை நீங்க பாக்கவே இல்ல."

"என் திரையில அது இல்லையே."

"இதோ இருக்கே."

"இப்ப இருக்கு. அப்ப இல்ல."

"அப்ப இல்லங்கறதுக்கு என்ன ஆதாரம் வச்சிருக்கீங்க?"

"இல்லாததுக்கு என்னத்த ஆதாரம் காட்டறது?" என்றார் நொலீன். மண்டபத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மேற்குக் கரையில் ஒரு சுரங்க ஊர். அங்கே உள்ள சின்ன மருத்துவமனையின் வரவேற்பு ஜன்னலில் நொலீன் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவர். தாதுப்பாறை லாரி ஓட்டி ஓய்வுபெற்ற டெஸ் என்பவருக்கு மலத்தில் ரத்தம் போயிற்று. ஊர் டாக்டர் ஏப்ரலில் பெரிய டாக்டருக்குக் கடிதம் அனுப்பினார்; அது நொலீனின் ஜன்னலுக்கு வந்தால்தான் அவர் நாள் குறித்துக் கொடுக்க முடியும். கடிதம் செப்டம்பர் வரைக்கும் அந்தப் பட்டியலில் கிடந்தது. நடுவில் டெஸ் இரண்டு தடவை ஜன்னலுக்கு வந்து, "என் கடுதாசி வந்துச்சா நொலீன்?" என்று கேட்டிருக்கிறார். "இன்னும் வரல டெஸ். வந்தா நானே கூப்பிடறேன்" என்று இவர் சொல்லியிருக்கிறார். செப்டம்பரில் ஒரு நாள் காலை பட்டியல் திரையில் தெரிந்தது. அந்த நிமிடமே அவரைக் கூப்பிட்டதும் நொலீன்தான். டெஸ் ஜனவரியில் இறந்தார். அவர் மகன் முன்வரிசையில், பெரிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆணையம் தவறு நொலீனுடையது என்று எழுதினால் அவருக்கு வேலை போகும். ஏற்கெனவே அக்டோபரிலேயே தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை போனால் போகட்டும், ஊர் இருக்கிறதே. எண்ணூறு பேர் இருக்கிற ஊரில், மளிகைக் கடையில் யார் முகத்தைப் பார்ப்பது?

அவருடைய திரையில் அப்போது பட்டியல் இல்லை என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் அவர். அவரை யாரும் நம்பவில்லை.

*

திட்டத்துக்கு 'ஒரே கதவு' என்று பெயர். எங்கள் தீவில் எந்த ஊர் டாக்டர் எந்தப் பெரிய டாக்டருக்கு எழுதினாலும் கடிதம் ஒரே கம்ப்யூட்டர் வழியாகப் போக வேண்டும். அதற்கு முன்னால் ஃபேக்ஸ். இயந்திரம் கடிதத்தைத் துப்பும், யாராவது எடுத்துத் தட்டில் வைப்பார்கள். அதை மாற்றுவதற்கு ஆறு வருடம், மூன்று அமைச்சர்கள், இரண்டு கம்பெனிகள். "உங்க கதவு இந்த ஜென்மத்துல திறக்குமா?" என்று என் கணவர் சாப்பாட்டு மேசையில் கேட்காத நாள் இல்லை.

சோதித்துப் பார்க்கும் குழுவுக்கு நான் தலைவி. தொடக்கத்துக்கு ஒரு வாரம் முன்பு நானூறு மாதிரிக் கடிதங்களை அனுப்பிப் பார்த்தோம். இருபத்துமூன்று எங்கேயும் போய்ச் சேரவில்லை. நோயாளியின் பெயர் இரண்டு மருத்துவமனைகளில் பதிவாகியிருந்தால், எதற்கு அனுப்புவது என்று இயந்திரத்துக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று கத்தவும் யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. 'நிறுத்தி வைத்தவை' என்ற பட்டியலில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தது. அந்தப் பட்டியலை யார் பார்க்க வேண்டும் என்று கேட்டால் தெற்கு மருத்துவமனைக்காரர்கள் வடக்கைக் காட்டினார்கள். வடக்கு தெற்கைக் காட்டியது. தொடக்கத்துக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று குறிப்பெழுதி அந்தக் கூட்டத்தை முடித்தோம்.

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமைதோறும் ஒவ்வொரு குழுவும் தன் வேலைக்கு நேராக ஒரு நிறம் போட வேண்டும். நன்றாக நடந்தால் பச்சை, இடறினால் மஞ்சள், நிறுத்த வேண்டும் என்றால் சிவப்பு. சிவப்பு போட்டவர் வியாழக்கிழமை ஏழாவது மாடிக்குப் போய், நீள மேசையின் கடைக்கோடியில் உட்கார வேண்டும். ஏன் சிவப்பு என்று யாரும் கேட்க மாட்டார்கள். எப்போது பச்சை என்றுதான் கேட்பார்கள். கேட்கும்போது யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நான் அதற்கு இரண்டு வருடம் முன்பு ஒருமுறை போய் உட்கார்ந்திருக்கிறேன். அதன் பிறகு மூன்று மாதம் லிப்டில் என்னோடு யாரும் கால்பந்துகூடப் பேசவில்லை. அமைச்சரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஊர் எங்களுடையது. சிவப்பைத்தான் சிவப்பு என்று சொல்ல மாட்டோம். நாலாவது மாடியில் மஞ்சளாக இருந்தது ஏழாவதில் பச்சையாகும். அமைச்சர் மேசைக்குப் போய்ச் சேரும்போது எல்லாம் ஒரே புல்வெளி.

செவ்வாய்க்கிழமை நான் சிவப்பு போட்டேன். புதன்கிழமை மாலை அதை மஞ்சளாக்கினேன். யாரும் மாற்றச் சொல்லவில்லை. என் மேலதிகாரி வாரிக் அன்றைக்கு ஊரிலேயே இல்லை, மகளுடைய நெட்பால் போட்டிக்காக லான்செஸ்டன் போயிருந்தான். எனக்கு வேலை போய்விடும் என்ற பயமும் கிடையாது, நிரந்தர வேலை. திங்கட்கிழமை தொடக்கம், கேக்குக்குச் சொல்லியாகிவிட்டது, எல்லோரும் களைத்துப்போயிருந்தார்கள். இந்த நேரத்தில் நான் போய் அந்த மேசையின் கடைக்கோடியில் உட்கார வேண்டுமா என்று தோன்றிற்று. அவ்வளவுதான். கூச்சம்.

மஞ்சளுக்கு ஒரு நிபந்தனை உண்டு: மாற்று ஏற்பாடு என்ன என்று ஒரு வரி எழுத வேண்டும். ஒவ்வொரு மருத்துவமனையின் வரவேற்பு எழுத்தரும் தினமும் காலையில் பட்டியலைப் பார்ப்பார் என்று இரண்டு நிமிடத்தில் எழுதினேன். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. அந்த எழுத்தர்களில் ஒருத்தரைக்கூட நான் கேட்கவில்லை. அந்த வரி அப்படியே கையேட்டில் நாற்பத்து மூன்றாம் பக்கமாகிவிட்டது. மறுநாள் வாரிக் மஞ்சளைப் பச்சையாக்கி மேலே அனுப்பினான். திங்கட்கிழமை கதவு வடிவத்தில் ஒரு கேக் வெட்டினோம். தாழ்ப்பாள் இருந்த துண்டு எனக்கு வந்தது.

முதல் மாதம் எங்கள் குழுவினரும் முறைபோட்டு உதவித் தொலைபேசியில் உட்கார்ந்தோம். மூன்றாவது வாரம் என் முறையில் நொலீன் கூப்பிட்டார்.

"கண்ணு, மேற்கேயிருந்து நொலீன் பேசறேன். இங்க விடாம மழை. அங்க எப்படி?"

"இங்க வெயில்தான்."

"குடுத்து வச்சவங்க. கேளு கண்ணு, என் தட்டு நிறைய மாட்டேங்குது."

"எந்தத் தட்டு?"

"கடுதாசித் தட்டு. சிரிக்காத, இப்பவும் ஒவ்வொண்ணையும் அச்சடிச்சு அதுலதான் வைக்கிறேன். சுத்துப்பட்டுக்கெல்லாம் சேத்து வாரத்துக்கு முப்பது வரும், ரெண்டு கூடும், ரெண்டு குறையும். இப்ப இருபத்தஞ்சைத் தாண்டல. எங்க ஊர்ல யாரும் திடீர்னு ஆரோக்கியமாயிடல, எனக்குத் தெரியும். புஸ்தகத்துல நாப்பத்தி மூணாம் பக்கம் ஏதோ பட்டியல்னு போட்டிருக்கே, அதைத் தேடறேன். என் திரையில அப்படி ஒண்ணுமே காணோம். எங்க அமுக்கணும்?"

அவருடைய கணக்கைத் திறந்து பார்த்தேன். சின்ன மருத்துவமனை எழுத்தர்கள் யாருக்கும் அந்தப் பட்டியலைப் பார்க்க அனுமதியே கொடுக்கப்படவில்லை. நான் எழுதிய மாற்று ஏற்பாடு முதல் நாளிலிருந்தே வெறும் காகிதம். அதைப் புரிந்துகொள்ள எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அதைப் பெரிய கோளாறு என்று பதிவு செய்திருக்க வேண்டும். முதல் மாதத்தில் ஐந்து பெரிய கோளாறு பதிவானால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஃபேக்சுக்குத் திரும்ப வேண்டும் என்று விதி. அதுவரை நான்கு ஆகியிருந்தது. ஐந்தாவதை என் கையால் போட வேண்டும். போட்டால் ஏழாவது மாடி.

"பாத்துட்டுத் திரும்பக் கூப்பிடறேன், நொலீன்."

"சரி கண்ணு. அவசரமில்ல, புதன் வரைக்கும் இருப்பேன். மதியச் சாப்பாடு சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

சாப்பிடவில்லை. அதைக்கூட உண்மையாகச் சொல்லவில்லை. 'சிறு மேம்பாடு, அடுத்த பதிப்பில்' என்று ஒரு ஓரத்தில் எழுதிவிட்டு, அழைப்பை 'விளக்கம் தரப்பட்டது, முடிந்தது' என்று மூடினேன். அந்த மேம்பாடு செப்டம்பரில்தான் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு மாற்றங்களில் நூற்று எண்பத்தேழாவதாக, 'திரை அனுமதிகள் சீரமைக்கப்பட்டன' என்று மூன்றே சொல். அதைப் படித்து அர்த்தம் தெரிந்துகொள்ளக்கூடிய ஆள் நான் ஒருத்திதான்.

*

இரண்டாம் நாள் மாலை வாகன நிறுத்தத்தில் வாரிக் எனக்காகக் காத்திருந்தான். இப்போது வேறொரு இலாகாவில், இன்னும் பெரிய நாற்காலியில் இருக்கிறான். மலையில் பனி விழுந்திருந்தது, காற்று காதைக் கடித்தது.

"நாளைக்கு உன் முறை. நீ செவ்வாய்க்கிழமை போட்ட சிவப்பைக் கண்டுபிடிச்சுட்டாங்க தெரியுமா? பழைய பிரதி எங்கேயோ இருந்திருக்கு."

"கேள்விப்பட்டேன்."

"எல்லாரும் உன்னை மெச்சிக்கிறாங்க. ஒருத்தியாவது எச்சரிக்கை மணி அடிச்சாளேன்னு." அவன் சாவியை உருட்டிக்கொண்டிருந்தான். "மஞ்சளா மாத்தச் சொன்னது நான்தானா, ஜனெல்? யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஞாபகமே வரல."

"உனக்கு என்ன தோணுது?"

"சொல்லியிருப்பேன். நான் அப்படிப்பட்ட ஆளுதான்." அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "நான்தான்னா சொல்லிடு. உன்மேல கோபப்பட மாட்டேன்."

ஒரு ஆள் தன் தலையைத் தானே தட்டில் வைத்து நீட்டுகிறான். இல்லை வாரிக், நீ சொல்லவில்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். "குளிருது, போய்த் தூங்கு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், அவன்தான் சொன்னான் என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது புத்தகத்தில் மட்டும் வருகிற வார்த்தை இல்லை, அதைச் செய்யக்கூடிய ஆள் நிஜத்திலும் உண்டு.

*

மூன்றாம் நாள் காலை ஆணையத்தின் வழக்கறிஞர் என்னிடம் மரியாதையாகப் பேசினார். ஒல்லியான பெண், குரலில் என்மேல் ஒரு பரிவு இருந்தது. அந்தப் பரிவைத் தாங்கத்தான் முடியவில்லை.

"செவ்வாய்க்கிழமை நீங்க சிவப்பு போட்டிருக்கீங்க. இது நிக்கணும்னு சொன்ன ஒரே ஆள் நீங்கதான். வியாழக்கிழமை காலையில அது மஞ்சளா இருக்கு. மாத்தச் சொன்னது யாரு?"

வாரிக் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரும் சொல்லல."

"யாராவது சொல்லியிருக்கணுமே?"

"சொல்லியிருந்தா எனக்குச் சௌகரியமா இருந்திருக்கும். நானேதான் மாத்தினேன். நாப்பத்தி மூணாம் பக்கத்துல இருக்கிற அந்த வரியும் நான் எழுதினதுதான்."

ஆணையர், ஓய்வுபெற்ற நீதிபதி, முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏன் மாத்தினீங்க?"

"சிவப்பு போட்டா ஏழாவது மாடிக்குப் போகணும். எனக்குப் போகக் கூச்சமா இருந்துச்சு."

"கூச்சமா?"

"ஆமா."

அவர் அதை எழுதிக்கொண்டார். எழுத இரண்டு நொடிதான் ஆயிற்று. டெஸ்ஸின் மகன் திரும்பி என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. சரியாகக் காதில் விழவில்லை என்பதுபோல் பார்த்தான். ஒருவர் செத்ததற்கு ஊழல், சதி, திருட்டு என்று ஏதாவது பெரிய காரணமாக எதிர்பார்த்து வந்திருப்பான்.

"இவ்வளவுதான். நன்றி, நீங்க போகலாம்" என்றார் வழக்கறிஞர். பியர்ஸ் கேள்வி எதுவும் இல்லை என்று கையசைத்தார். நான் எழுந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கால் வாசல் பக்கம்தான் திரும்பியது. உண்மையைச் சொல்லியாயிற்று, போதும், பாதிக்கு மேல் சொல்லிவிட்டாய் என்று உள்ளே ஒரு குரல் தட்டிக்கொடுத்தது. அப்போது மூன்றாவது வரிசையில் நொலீன் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். தைரியமாகப் பேசிவிட்டாய் என்று பாராட்டுகிறாராம்.

மறுபடி உட்கார்ந்தேன்.

"இன்னொண்ணு இருக்கு. நேத்து நொலீன் சொன்ன போன்ல பேசினது நான்தான். அவங்க திரையில அந்தப் பட்டியல் இல்ல. சின்ன மருத்துவமனைங்க எதுலயும் இல்ல. நான் அன்னிக்கே பாத்தேன். தெரிஞ்சுதான் மூடினேன்."

பியர்ஸ் எழுந்து நின்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். ஆணையர் அவரை உட்காரச் சொன்னார். நூற்று எண்பத்தேழாவது வரியைப் பாருங்கள் என்று சொன்னேன். பார்த்தார்கள். பிறகு முக்கால் மணி நேரம் கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். நொலீன் பக்கம் நான் திரும்பவே இல்லை.

*

வெளியே வரவேற்புக் கூடத்தில், ஜன்னலோரம் இருந்த பெஞ்சில் நொலீன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க், தாளில் சுற்றிய சாண்ட்விச். ஐந்து மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு திரும்பிப் போக வேண்டியவர். பின்வாசல் எங்கே இருக்கிறது என்று தேடினேன். இல்லை. அவர் முன்னால் போய் நின்றேன்.

"அது நீதானா" என்றார்.

"நான்தான்."

"ம்." மூடியில் டீயை ஊற்றினார். "குரல் வேற மாதிரி இருந்துச்சு போன்ல."

"என்னை மன்னிச்சிருங்க, நொலீன்."

"அதை அப்புறம் பாத்துக்கலாம், ஜனெல்."

கண்ணு என்று சொல்லவில்லை. மண்டபத்துக்குள் காபி கொண்டுவந்த பையனைக்கூட அவர் கண்ணு என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்: "மத்ததெல்லாம் என்னாச்சு?"

"மத்ததுன்னா?"

"மத்தக் கடுதாசி. நானூத்திச் சொச்சம் கிடந்துச்சுன்னு பேப்பர்ல போட்டானே. எல்லாரையும் கூப்பிட்டாச்சா?"

நானூற்றுப் பன்னிரண்டு. உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் குறித்திருந்த முப்பத்தெட்டை, செப்டம்பரில் பட்டியல் வெளியே தெரிந்த முதல் வாரமே எடுத்து அனுப்பினோம். மீதி யாருடையது என்று தெற்கும் வடக்கும் மறுபடி பேசிக்கொண்டிருந்தன. பிப்ரவரியில் விசாரணை அறிவித்ததும் பியர்ஸிடமிருந்து எல்லோருக்கும் ஒரு உத்தரவு வந்தது: பட்டியல் சாட்சியம், முடியும்வரை யாரும் தொடக் கூடாது. நானும் படித்தேன். படித்ததற்கு அடையாளமாக ஒரு பெட்டியில் டிக் அடித்தேன்.

"முன்னூத்தி எழுபத்தினாலு இன்னும் அங்கேயேதான் இருக்கு. சாட்சியம்னு நிறுத்தி வச்சிருக்காங்க."

நொலீன் மூடியைக் கீழே வைத்தார்.

"சாட்சியமா? எங்க அடுத்த வீட்டு லோயிஸ் தோளைத் தூக்க முடியாம, துணி கிளிப்பைப் பல்லுல கடிச்சுக்கிட்டு ஒத்தைக் கையால துணி காயப்போடறா. தினம் பாக்கறேன். அவ தோளு சாட்சியமா? செப்டம்பர்லயே எங்க ஊருக்கு மட்டும் பத்தொம்பது எண்ணினேன். தொடாதேன்னாங்க. அப்புறம் என்னையே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நான் போனதுக்கப்புறம் யாராவது எடுத்து அனுப்பியிருப்பாங்கன்னுதான் இத்தனை நாள் நெனச்சுக்கிட்டு இருக்கேன். நீங்கல்லாம் அந்த ஆபீஸ்ல இருக்கீங்களே!"

மூன்று நாளாக அந்த மண்டபத்தில் பதினொரு வழக்கறிஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். யார் பொறுப்பு என்று நூறு விதமாகக் கேட்டார்கள். கடிதங்கள் என்ன ஆயின என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. எட்டு மாதமாகத் தூக்கம் இல்லாமல் என் குற்றத்தை நான் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், ஒப்புக்கொள்ளலாமா வேண்டாமா என்று. அந்த எட்டு மாதத்தில் ஒரு நாள், ஒரு ஐந்து நிமிடம், அவர்களை நினைத்ததில்லை. உள்ளே சாட்சி சொன்னபோது பட்ட வெட்கம் எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"பையில என்ன, லேப்டாப்பா?" என்றார்.

"ஆமா."

"அந்தப் பட்டியல் அதுல தெரியுமா?"

"தெரியும். ஆனா தொடக் கூடாதுன்னு உத்தரவு."

"அதுக்கும் கூச்சமா இருக்கா?"

லேப்டாப்பைத் திறந்தேன். கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். பட்டியல் வந்தது. நொலீன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் போனை எடுத்து மடியில் வைத்தார். மண்டபத்திலிருந்து பியர்ஸ் வெளியே வந்து எங்களைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"எங்க ஊர் நம்பரெல்லாம் எனக்கு மனப்பாடம். மத்த ஊருக்கு அங்கங்க என்னை மாதிரி ஒருத்தி இருப்பா, அவளைப் பிடிக்கலாம். பெரிய டாக்டரைப் பாக்க இன்னும் நாள் கிடைக்கலன்னாலும், கடுதாசி தொலையல, இருக்குன்னாவது சொல்லலாம். எங்கேயாவது ஆரம்பி. முதல் பேரைப் படி."

படித்தேன். அந்தப் பட்டியலைச் சோதிக்கும்போதும், மறைக்கும்போதும் நான் எண்ணிக்கையைத்தான் பார்த்திருக்கிறேன். அதிலிருந்த ஒரு பெயரை வாய்விட்டுப் படித்தது அதுதான் முதல் தடவை.